ரசிகையின் கற்பு

“மேடம், நீங்க எந்த டீம்?”

கும்மிடிப்பூண்டியிலிருந்து சென்னைக்குப் போகும் மாலை ரயிலில் என் பழைய மாணவர் ஒருவர் கேட்டார். சிப்காட்டில் வேலை. முதல் ஷிப்ட் முடித்துவிட்டு ஏறியிருந்தார். மேலே கம்பெனிச் சட்டை, உள்ளே மான்செஸ்டர் யுனைடெட்டின் சிவப்பு பனியன். நான் கைபேசியில் இந்திய மகளிர் லீக் ஆட்டம் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“சேது, ஈஸ்ட் பெங்கால், கோகுலம். போன வருஷம் ஒடிசாவும்” என்றேன்.

அவர் சிரித்துவிட்டார். “அதெப்படி மேடம், நாலு டீமு? ஃபேன்னா ஒரே டீம்தான். ஜெயிச்சாலும் தோத்தாலும் கடைசி வரைக்கும் அதோட இருக்கணும். மாத்திக்கிட்டே இருந்தா அது வந்து...”

அவர் முடிக்கவில்லை. ஆசிரியையிடம் சொல்லக் கூடாத ஒரு சொல் நாக்கு நுனிவரை வந்து திரும்பியதைப் பார்த்தேன். கவரைப்பேட்டை வந்துவிட்டது. பேச்சை மாற்றிவிட்டார்.

அவர் சொல்லாமல் விட்ட சொல்லை நான் பல ஆண்டுகளாக வகுப்பறையில் பாடமாக நடத்திவருகிறேன். ஒன்றையே பற்றியிருத்தல், துன்பத்திலும் விலகாதிருத்தல், மற்றொன்றை மனத்தாலும் நினையாதிருத்தல். கால்பந்து ரசிகர்கள் ‘விசுவாசம்’ என்று பெருமையோடு சொல்வதன் இலக்கணத்தைப் பிரித்துப் பார்த்தால், அது கற்பின் இலக்கணம்தான். ஆண்கள் தங்களுக்குத் தாங்களே விரும்பி விதித்துக்கொண்ட கற்பு இது ஒன்றாகத்தான் இருக்கும். மீறினால் ஊர் விலக்கு இல்லை, கொலை இல்லை. ‘பிளாஸ்டிக் ஃபேன்’ என்ற கேலியோடு முடிந்துவிடும். அதனால்தான் அதை அவ்வளவு காதலோடு பேச முடிகிறது.

2024-25 சீசனில் நான் ஏன் பல கிளப்புகளைப் பின்தொடர்ந்தேன் என்ற கேள்விக்கு என் பதில் எளிமையானது. நான் கிளப்புகளைப் பின்தொடரவில்லை. இரண்டு பெண்களைப் பின்தொடர்ந்தேன். அவர்கள் போன இடமெல்லாம் போனேன்.

இந்துமதி கதிரேசன், சந்தியா ரங்கநாதன் இருவரும் கடலூர் மாவட்டத்திலிருந்து வந்தவர்கள். இந்திய அணிக்கு ஆடியவர்கள். இருவரையும் மதுரையின் சேது எஃப்சி அணியில்தான் முதலில் பார்த்தேன். 2016-இல் தொடங்கப்பட்ட சேது, பெண்கள் அணியால் பெயர்பெற்ற கிளப். 2019 மே 22 அன்று லூதியானாவில் நடந்த இறுதி ஆட்டத்தில் மணிப்பூர் போலீஸ் அணியை 3-1 என வென்று இந்திய மகளிர் லீக் கோப்பையைத் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தது. பிறகு இருவரும் கோகுலம் கேரளாவுக்குப் போனார்கள். 2023 மே மாதம் அகமதாபாத்தில் கிக்ஸ்டார்ட் அணியை 5-0 என வீழ்த்திப் பட்டம் வென்ற கோகுலத்தில் இருவரும் இருந்தார்கள். அடுத்த சீசனில் பட்டம் வென்றது ஒடிசா எஃப்சி. இந்துமதி அங்கே இருந்தார். அதற்கடுத்த 2024-25-இல் சந்தியா ஈஸ்ட் பெங்காலில். இரண்டு கடலூர்ப் பெண்களுக்கு ‘விசுவாசமாக’ இருந்ததில் என் கையில் நான்கு கிளப்புகள் சேர்ந்துவிட்டன.

அவர்களே மாறிக்கொண்டிருக்கிறார்களே என்று கேட்கலாம். பயிற்சியாளர்களும்தான் மாறுகிறார்கள். கோகுலத்துக்கு 2022-லும் 2023-லும் பட்டம் வாங்கித்தந்த அந்தோணி ஆண்ட்ரூஸ் ஈஸ்ட் பெங்காலுக்குப் போய் 2025-இல் அங்கேயும் பட்டம் வாங்கித்தந்தார். சேதுவில் இருந்த கிறிஸ்பின் சேத்ரி ஒடிசாவுக்குப் போய், பின்பு இந்திய மகளிர் அணிக்கே பயிற்சியாளரானார். இதற்கெல்லாம் ‘வளர்ச்சி’ என்று பெயர். வீராங்கனை மாறினால்தான் ‘நிலையில்லை’ என்கிறோம். ரசிகை மாறினாலோ, அந்த ரயில் பெட்டியில் பாதியில் நின்றுபோன வாக்கியம்.

விசுவாசம் என்ற இந்தக் கருத்து எங்கிருந்து வருகிறது? கால்பந்து ரசிகனைப் பற்றிய நூல்களில் உலகப் புகழ்பெற்றது நிக் ஹார்ன்பியின் ‘ஃபீவர் பிட்ச்’. 1992-இல் வந்தது. பெற்றோர் பிரிந்தபின், தன்னைப் பார்க்க வரும் அப்பா ஆர்சனல் ஆட்டத்துக்கு அழைத்துப்போவதில்தான் அந்தச் சிறுவனின் ரசிக வாழ்க்கை தொடங்குகிறது. நூலின் நேர்மை எனக்குப் பிடிக்கும். அதன் வழியாகவே ஒன்று விளங்கியது: கிளப் என்பது பெரும்பாலும் அப்பா மகனுக்கு எழுதிவைக்கும் சொத்து. நிலம்போல, குடும்பப் பெயர்போல, குலதெய்வம்போல அது தந்தைவழியில் இறங்குகிறது. மகளுக்கு வந்தால் அது சீதனம்போல, யாராவது மனமுவந்து கொடுத்தால்தான் உண்டு. என் வீட்டிலும் 1990 உலகக் கோப்பையை இரவு விழித்துப் பார்க்க அப்பா எழுப்பியது அண்ணனைத்தான். தூங்குவதுபோல் படுத்துக்கொண்டு, போர்வை இடுக்கு வழியாகக் கேமரூன் ஆடியதைப் பார்த்தேன். எனக்கு எவரும் எழுதிவைக்காத விளையாட்டு இது. எழுதிவைக்காத சொத்துக்கு விசுவாசம் மட்டும் ஏன் கேட்கிறார்கள்?

சரி, விசுவாசம் இருவழிப் பாதை என்றே வைத்துக்கொள்வோம். பெண்களிடம் கிளப்புகளும் நிர்வாகங்களும் எப்படி நடந்துகொண்டன?

2023 மார்ச் 3 அன்று ஐஎஸ்எல் வெளியேற்றச் சுற்றில் கேரளா பிளாஸ்டர்ஸும் பெங்களூருவும் மோதின. சுனில் சேத்ரி சட்டென்று அடித்த ஃப்ரீ கிக் கோலை எதிர்த்து, பிளாஸ்டர்ஸின் ஆண்கள் அணி ஆட்டம் முடியுமுன்பே களத்தைவிட்டு வெளியேறியது. கூட்டமைப்பு 4 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. ஜூன் மாதம் கிளப் ஓர் அறிவிப்பு வெளியிட்டது: நிதிச்சுமை காரணமாகப் பெண்கள் அணியைத் தற்காலிகமாக நிறுத்திவைக்கிறோம். அந்த அணி தொடங்கி ஓராண்டுகூட நிறைவடைந்திருக்கவில்லை. களத்தைவிட்டுப் போனவர்கள் ஆண்கள். களத்தை இழந்தவர்கள் பெண்கள். அப்பாவின் கடனுக்கு மகளின் படிப்பை நிறுத்தும் வீடுகளை அறிந்தவர்களுக்கு இந்தக் கணக்கை விளக்க வேண்டியதில்லை.

அதற்கு முந்தைய ஆண்டு, 2022 ஆகஸ்டில், ஆசிய மகளிர் கிளப் போட்டிக்காகக் கோகுலம் கேரளாவின் பெண்கள் உஸ்பெகிஸ்தானுக்கு விமானம் ஏறினார்கள். அவர்கள் தாஷ்கண்டில் இறங்கிய வேளையில் இந்தியக் கூட்டமைப்பை ஃபிஃபா இடைநீக்கம் செய்த செய்தி வந்தது. நிர்வாக நாற்காலிகளைப் பற்றிய சண்டை அது. தடை நீங்க 11 நாட்கள்கூட ஆகவில்லை. அதற்குள் அவர்களுடைய போட்டி கைவிட்டுப் போயிருந்தது. ஒரு பந்துகூட உதைக்காமல் திரும்பினார்கள்.

2024-25-இலும் ஒன்று நடந்தது. முந்தைய ஆண்டின் சாம்பியனான ஒடிசா, 8 அணிகள் ஆடிய லீக்கிலிருந்து கீழே இறங்கியது. பட்டம் வாங்கிய அணி ஒரே ஆண்டில் கீழே போகிறதென்றால், அதன் அடித்தளம் எத்தனை மெல்லியதாக இருந்திருக்கும்! அந்த மெல்லிய தரையில் நின்றுகொண்டு ஒரு பெண் எந்தச் சட்டையின் சின்னத்துக்கு முத்தமிடுவாள்?

அந்த சீசனில் என்னை உலுக்கிய ஆட்டம் ஏப்ரல் 11 அன்று மேற்கு வங்கக் கல்யாணியில் நடந்தது. ஈஸ்ட் பெங்கால் ஒடிசாவை 1-0 என வென்று பட்டத்தை உறுதிசெய்தது. கோல் சங்கீதா பாஸ்ஃபோர் அடித்தது. ஈஸ்ட் பெங்கால் 1920-இல் தோன்றிய கிளப். நாட்டுப் பிரிவினைக்குப் பின் அகதிகளாக வந்தவர்கள் தங்கள் இழந்த மண்ணின் பெயராக நெஞ்சில் ஏந்திய கிளப். அதன் ஆண்கள் அணி தேசிய லீக்கை 2003-04-க்குப் பிறகு அதுவரை வென்றிருக்கவில்லை. 21 ஆண்டுக் காத்திருப்பைப் பெண்கள் முடித்துவைத்தார்கள். நூறாண்டு விசுவாசம் பேசிய கிளப்பின் மானத்தைக் காத்தவர்களில் பலர், முந்தைய ஆண்டுகளில் வேறு கிளப்புகளின் சட்டையை அணிந்திருந்தவர்கள். கற்புடையவர்கள் காத்திருந்தார்கள், வந்துபோகிறவர்கள் வென்றார்கள்.

தமிழ் படித்தவளுக்கு இதில் வேறொரு வியப்பும் உண்டு. நம் இலக்கியத்தில் பந்து பெண்களின் பொருள். சிலப்பதிகாரத்தின் வாழ்த்துக் காதையில் பெண்கள் பந்தாடிப் பாடும் கந்துக வரி இருக்கிறது. பெருங்கதையில் மகளிர் பந்தடிப்பதை அரசன் பார்க்கும் பகுதிக்குப் ‘பந்தடி கண்டது’ என்று பெயர். அந்தப் பெயரைக் கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டும். ‘அடித்தது’ இல்லை, ‘கண்டது’. ஆட்டம் பெண்ணுடையது, வினைமுற்று அரசனுடையது. திருக்குற்றாலக் குறவஞ்சியில் வசந்தவல்லி பந்தாடுகிறாள். வளை, இடை, கொங்கை, கூந்தல் எல்லாம் ஆடுகின்றன. பந்துதான் கடைசியில் நினைவில் நிற்பதில்லை. தலைவன் பவனி வந்ததும் ஆட்டம் முடிகிறது, காதல் நோய் தொடங்குகிறது. யார் வென்றாள் என்று இலக்கியம் சொல்வதில்லை.

அகப்பாடல்களில் இன்னும் துல்லியமான ஒரு காட்சி உண்டு. மகள் உடன்போக்கில் போய்விட்டாள். வீட்டில் அவளுடைய பந்தும் பாவையும் கழங்கும் கிடக்கின்றன. அவற்றைப் பார்த்துத் தாய் அழுகிறாள். இந்தப் பாடல்களை நடத்தும்போதெல்லாம் என் மாணவிகள் தாயின் துயரத்தில் கரைவார்கள். நானும் கரைந்திருக்கிறேன். மகளிர் லீக்கைப் பார்க்கத் தொடங்கியபின் எனக்கு அந்தப் பந்துதான் கண்ணில் படுகிறது. பெண் வளர்ந்துவிட்டாள் என்பதற்கு அடையாளமே அவள் பந்தை விட்டுப்போவதுதான். பருவம் என்ற சொல்லை நாம் விளையாட்டின் சீசனுக்கும் பயன்படுத்துகிறோம், பெண் வயதுக்கு வருவதற்கும் பயன்படுத்துகிறோம். இரண்டாவது பருவம் வந்ததும் முதலாவது முடிந்துவிட வேண்டும் என்பது நம் ஊர் வழக்கு. கடலூரிலிருந்து கிளம்பிய அந்த இருவரும் செய்தது, சொல்லப்போனால், ஒரு சிறிய இலக்கணப் பிழை. வீட்டைவிட்டுப் போகும்போது பந்தையும் எடுத்துக்கொண்டு போனார்கள்.

இந்தக் கதையைத் தமிழ் சினிமா எப்படிச் சொன்னது? 2019 தீபாவளிக்கு ‘பிகில்’ வந்தது. தமிழ்நாட்டுப் பெண்கள் அணி தேசியக் கோப்பையை வெல்லும் கதை. உண்மையான தமிழ்நாட்டு அணி அதற்கு முந்தைய ஆண்டே, 2018 பிப்ரவரியில், கட்டாக்கில் மணிப்பூரை 2-1 என வென்று தேசியப் பட்டம் வாங்கியிருந்தது. சேதுவும் லீக் பட்டம் வென்று 5 மாதம் ஆகியிருந்தது. படத்தின் நடுவில் இருப்பது ஓர் அப்பா, ஒரு மகன், அப்பாவின் நிறைவேறாத ஆசை. பெண்கள் அணி அந்த ஆசை நிறைவேறும் வழி. ஒரு வீராங்கனைக்கு ரோஷம் வரவைக்க, பயிற்சியாளரான நாயகன் எல்லோர் முன்னாலும் அவள் உடல் பருமனைச் சொல்லி இழிவுபடுத்துகிறான். அவள் அழுதுகொண்டே ஆடுகிறாள், திரையரங்கம் விசிலடிக்கிறது. அந்தப் படத்தைப் பார்த்து என் மாணவிகள் சிலர் கால்பந்து பார்க்கத் தொடங்கினார்கள் என்பதை மறைக்க விரும்பவில்லை. ஆனாலும் பிகில் யார் வாயில் இருக்கிறது என்ற கேள்வி படத்தின் பெயரிலேயே இருக்கிறது. பந்தடி கண்டது, இரண்டாம் பாகம்.

இவ்வளவும் படித்தவள், கைபேசியில் ஆட்டம் பார்ப்பவள் பேசும் பேச்சு என்று தோன்றலாம். அப்படித் தோன்றவைத்தவள் இன்னொரு முன்னாள் மாணவி. தமிழ் இளங்கலை முடித்தவள். இப்போது தொழிற்பேட்டையில் ஒப்பந்தத் தொழிலாளி. விடுதியில் தங்கியிருக்கிறாள். ஒருநாள் கும்மிடிப்பூண்டி பேருந்து நிலையத்தில் பார்த்தபோது நான் கல்யாணி ஆட்டத்தைப் பற்றி ஆர்வமாகப் பேசினேன். அமைதியாகக் கேட்டுவிட்டுச் சொன்னாள்: “ஸ்கூல்ல நான் லெஃப்ட் பேக் ஆடுனேன் மேடம். மாவட்டம் வரைக்கும் போயிருக்கோம்.” மூன்றாண்டுகள் என் வகுப்பில் இருந்தவள். கந்துக வரியை அவளுக்கு நடத்தியிருக்கிறேன். ஒருமுறைகூட நான் கேட்கவில்லை.

“இப்ப?” என்றேன்.

“இப்ப ஷிப்ட்டு” என்றாள்.

தொழிற்சாலைப் பெண்களும் கால்பந்தும் சேர்ந்த ஒரு வரலாறு உண்டு. இங்கிலாந்தின் பிரெஸ்டன் நகரில் டிக், கெர் என்ற ஆலை. முதல் உலகப் போரின்போது அங்கே வெடிபொருள் செய்த பெண்கள் இடைவேளைகளில் பந்து உதைத்தார்கள். 1917-இல் ஓர் அணியானார்கள். 1920 டிசம்பர் 26 அன்று லிவர்பூலின் குடிசன் பார்க் மைதானத்தில் அவர்கள் ஆடியதைப் பார்க்கச் சுமார் 53,000 பேர் திரண்டார்கள். ஓராண்டுகூட நிறையவில்லை. 1921 டிசம்பர் 5 அன்று இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம், இந்த விளையாட்டு பெண்களுக்குப் பொருந்தாதது என்று சொல்லித் தன் உறுப்பினர் கிளப்புகளின் மைதானங்களில் பெண்கள் ஆடத் தடை விதித்தது. தடை சுமார் 50 ஆண்டுகள் நீடித்தது. இதில் கவனிக்க வேண்டியது, பெண்கள் பந்தைத் தொடக் கூடாது என்று சங்கம் சொல்லவில்லை. மைதானத்தைத்தான் எடுத்துக்கொண்டது. மைதானம் போனால் பார்வையாளர் போவார்கள், வருமானம் போகும், நினைவும் போகும் என்று அதற்குத் தெரிந்திருந்தது.

நம் தொழிற்பேட்டையில் அப்படித் தடை ஏதும் இல்லை. தேவையும் இல்லை. மாலையில் நான் கடந்துபோகும் திடல்களில் பையன்கள் ஆடுகிறார்கள். அதே நேரத்தில் சாலையில் கம்பெனிப் பேருந்துகள் பெண்களை ஏற்றுகின்றன, இறக்குகின்றன. அவர்கள் ஜன்னல் வழியாகத் திடலைப் பார்த்துக்கொண்டே போகிறார்கள். ஷிப்ட், விடுதி மூடும் நேரம், அடுத்த நாள் நிற்க வேண்டிய கால்கள். ஒரு சங்கம் தீர்மானம் போட்டுச் செய்ததை ஒரு நேர அட்டவணை ஓசையில்லாமல் செய்துவிடுகிறது.

அவளைச் சந்தித்தபின் என் ‘பல கிளப்’ ரசனையை நான் முழுமையாகக் கொண்டாட முடியவில்லை. வீராங்கனைகள் கிளப் மாறுவதை விடுதலையாகப் படிக்க ஆசைப்பட்டேன். அது பாதிதான் உண்மை. மீதிப் பாதி, ஆண்டுக்கு ஆண்டு ஒப்பந்தம். ஒரு கிளப் குறைந்தது 10 இந்திய வீராங்கனைகளுக்கு ஆண்டுக்கு 3.2 லட்சம் ரூபாயாவது தர வேண்டும் என்று 2023-இல்தான் கூட்டமைப்பு முடிவெடுத்தது. மாதம் 27,000-க்கும் குறைவு. அதனால்தான் இந்துமதிக்குக் காவல்துறை வேலை, சங்கீதாவுக்கு எல்லைக் காவல் படை வேலை. நான் பின்தொடர்ந்தது பறவைகளின் வலசையை மட்டும் இல்லை. ஒப்பந்தத் தொழிலாளரின் அலைச்சலையும்தான். என் மாணவிக்கும் அவர்களுக்கும் நடுவே நான் நினைத்த தூரம் இல்லை.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு கிளப்பைப் பிழைக்கவைப்பது ஆண்டுக்கணக்கில் அதே இருக்கையில் வந்து உட்காரும் பிடிவாதக்காரர்கள்தான். அந்த சீசனில் 8 அணிகள் 56 ஆட்டங்கள் ஆடின. ஒன்றுக்கும் நான் நேரில் போகவில்லை. 2025 ஜூலை 5 அன்று சியாங் மாயில் சங்கீதாவின் 2 கோல்களால் இந்தியா தாய்லாந்தை 2-1 என வென்று ஆசியக் கோப்பைக்குத் தகுதிபெற்றபோது, என் கைபேசியில் வாழ்த்துகள் குவிந்தன. அனுப்பியவர்களில் சங்கீதா எந்தக் கிளப்புக்கு ஆடுகிறார் என்று கேட்டவர் ஒருவர்கூட இல்லை. தேசத்தின் அன்பு ஓர் இரவுக்கு வருகிறது. வீராங்கனைக்குச் சோறு போட வேண்டியது ஒவ்வொரு வாரமும். ஆக, விசுவாசம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அது யார் யாருக்குக் கடன்பட்டது என்பதில்தான் தகராறு. முதலில் கிளப் பெண்ணுக்கு விசுவாசமாக இருக்கட்டும்: ஆண்கள் தோற்றாலும், அபராதம் கட்டினாலும், அவளுடைய அணி அடுத்த ஆண்டும் இருக்கும் என்று எழுதித் தரட்டும். பிறகு ரசிகையிடம் கற்பைக் கேட்கலாம்.

அந்த மாணவரை மறுபடியும் ரயிலில் பார்த்தேன். அதே சிவப்பு பனியன். “இன்னும் நாலு டீம்தானா மேடம்?” என்றார்.

“ஒண்ணு தேடிக்கிட்டு இருக்கேன். உங்க சிப்காட்டுல பொண்ணுங்க டீம் இருக்கா?” என்றேன்.

வேடிக்கையாக எடுத்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கியவர், பாதியில் நிறுத்தினார். கொஞ்ச நேரம் யோசித்தார். “எங்க லைன்லயே முப்பது பொண்ணுங்க இருக்காங்க மேடம். யாரும் கேட்டதில்ல.”

“நானும்தான் கேக்கல” என்றேன்.

பொன்னேரி வரும்வரை இருவரும் பேசவில்லை. இறங்கும்போது அவர் திரும்பிப் பார்த்து, “லெஃப்ட் பேக்லாம் ஆடத் தெரிஞ்சவங்க இருப்பாங்களா மேடம்?” என்றார்.

ஒருத்தியை எனக்குத் தெரியும் என்றேன்.